விளக்கு வைக்காத வீடு

ஏணிய நல்லா அண்டக் குடுத்து ஏறுங்க தம்பி, அதுல ஒரு கால் நொண்டி. நான் வேணா பிடிச்சுக்கிறேன். பிடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, அதுக்குத்தான் வாசக்கதவையும் ஜன்னலையும் தொறந்து போட்டிருக்கேன். எதுத்த வீட்டுல ஒரு அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காக பாருங்க. மத்தியானத்துல இருந்து அதே வெங்காயந்தான். கண்ணு மட்டும் இங்கிட்டு. பாக்கட்டும். இப்ப யாராவது பாத்துக்கிட்டே இருக்குறதுதான் எனக்கு நல்லது.

மூத்தார் என்ன சொல்லி உங்களக் கூட்டியாந்தாக? கேமராவுல பதிஞ்சத எடுத்து டிவியில போடணும்னா? அம்புட்டுத்தானா? என்னத்துக்குன்னு சொல்லலையா? சொல்ல மாட்டாக. டவுன் கடைக்காரவுககிட்ட சொன்னா கௌரவம் போயிரும்ல. நான் சொல்றேன். என் வீட்டுக்காரவுக சவுதியில இருக்காக. மூத்தாரு அவுகளுக்குக் கூடப்பொறந்த அண்ணன். இப்ப மேலத்தெருவுக்குப் போயிருக்காக, ஊருக்குள்ள பெரிய மனுசருன்னு சொல்லிக்கிற நாலு பேரக் கூட்டியாற. எல்லாரும் வந்து, இந்தா இந்த டிவிக்கு முன்னால சேரப் போட்டு உக்காந்து, சாயங்காலமானா நான் இருட்டுல எவன்கூடப் பேசிக்கிட்டு இருக்கேன்னு பாக்கப் போறாக.

அட, எதுக்கு எறங்குறீங்க? ஏறுங்க. உங்க மேல என்ன தப்பு இருக்கு, கூப்பிட்டா வரத்தான செய்யணும். நீங்க வராட்டி இன்னொரு கடையில இருந்து இன்னொருத்தர் வருவாக. அவுக எப்படிப்பட்டவுகளோ. உங்க மூஞ்சியப் பாத்தா தன்மையாத் தெரியுது. தண்ணி குடிக்கிறீங்களா? செம்பு அந்த ஜன்னல் கட்டையில இருக்கு.

அந்தச் சின்ன டப்பாவ மட்டும் பாத்துத் தொடுங்க தம்பி. அது வழியாத்தான் அவுகளுக்குப் போகுதுன்னு மாட்டுன அன்னைக்குச் சொன்னாக. அன்னையில இருந்து நாள் தவறாம நான்தான் தொடைச்சு வைக்கிறேன். ஈரத்துணியில இல்ல, காஞ்ச துணியிலதான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? சரி சரி, வேலையப் பாருங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குச் செய்ங்க.

இந்தக் கேமரா போன தடவ லீவுல வந்தப்ப வச்சது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வருவாக, ரெண்டு மாசம் இருப்பாக. அதுல முத மாசம் சொந்தக்காரவுக வீட்டுக்கெல்லாம் போயி தலையக் காட்டவே சரியாப் போயிரும். ரெண்டாவது மாசம், போகணுமே போகணுமேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே கழிஞ்சு போகும். அதுக்குள்ள ஒரு புள்ளையும் பெத்திருக்கணுமாம் நான். எங்க மாமியா கேக்குறாக. அவுக மூத்த மகன் வீட்டுல இருக்காக, அடுத்த தெருதான். கோயில்ல பாத்தா இன்னமும் என் வயித்தத்தான் பாப்பாக, மூஞ்சியப் பாக்க மாட்டாக.

கேமரா வச்சப்ப இந்தத் தெருப் பொம்பளைகளுக்கு ஒரே சிரிப்பு. உன் புருசன் உன்னைய நம்பலடி தவமணின்னாளுக. எனக்குக் கோவம் வரல. நம்பாதவுக எதுக்கு அம்புட்டுக் காசு போட்டு என்னைய உக்காந்து பாக்கணும்? கசந்து போனவளையா கேமரா வச்சுப் பாப்பாக? உங்க வீட்டுல எவனாச்சும் உங்களப் பாக்கணும்னு வச்சிருக்கானாடின்னு கேட்டேன். நான் கொஞ்சம் வாய்க்காரிதான் தம்பி, மறைக்கிறதுக்கு என்ன. சபைக்கு முன்னாலதான் வாய் செத்துப் போகுது.

போயி எறங்குன புதுசுல வெள்ளிக்கிழமை போன்ல சொன்னாக, எல்லாம் தெளிவாத் தெரியுது, நீ நடக்குற, டிவி பாக்குற, கோழிய வெரட்டுறன்னு. எனக்கு ஒரே கூச்சம். போன் வர்றது மூத்தாரு வீட்டுக்குத்தான். எனக்கும் ஒரு பட்டன் போன் இருக்கு, ஆனா அது உள்ளூருக்குத்தான் ஆகும். படம் தெரியுற போன் பொம்பளைக்கு எதுக்குன்னு மூத்தார் சொல்லிட்டாக. வெள்ளிக்கிழமை காலையில நான் அங்க போகணும். போன நடுவுல வச்சு, சத்தத்தக் கூட்டி வச்சு, மாமியா ஒரு பக்கம், மூத்தார் ஒரு பக்கம், மூத்தாரு பொண்டாட்டி, அதான் என் ஓரகத்தி, ஒரு பக்கம். அவுக "சாப்பிட்டியா"ம்பாக. "சாப்பிட்டேன்"பேன். "ஆடு நல்லாருக்கா"ம்பாக. "நல்லாருக்கு"ம்பேன். இதுக்குள்ள மாமியா முழங்கால் வலியக் கொண்டாந்து நடுவுல போட்டுருவாக. புருசம் பொண்டாட்டி பேச்சு அதோட சரி.

அப்பத்தான் ஒரு நாளு அந்தச் செவப்பப் பாத்தேன்.

வேலைக்குப் போயிட்டு வந்து, அலுப்பா இருந்துச்சு, லைட்டக் கூடப் போடாம இந்தா இந்தத் தூணுல சாஞ்சு உக்காந்துட்டேன். பொழுது மசங்கிருச்சு. அண்ணாந்து பாக்குறேன், கேமராக் கண்ணச் சுத்திச் செவப்புச் செவப்பாப் புள்ளி. கோவிலச் சுத்தி வெளக்கு வச்ச மாதிரி. முதல்ல பயந்துட்டேன், தீப்பிடிச்சுருச்சோன்னு. அப்புறந்தான் பொறி தட்டுச்சு. அங்க நாலு மணிக்கு வேலை விட்டுருவாக. அங்க நாலுன்னா இங்க ஆறரை. வேலை முடிஞ்சு வந்து, உக்காந்து, என்னையத் தொறந்து பாக்குறாக! எனக்கு அழுக வந்துருச்சு தம்பி. மாராப்ப இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன், என்னமோ அவுக வாசல்ல வந்து நிக்கிற மாதிரி.

நீங்க என்னமோ சொல்ல வாறீங்க. இருங்க, முடிச்சுக்கிறேன், அப்புறம் சொல்லுங்க.

நல்லாப் பாக்கட்டுமேன்னு லைட்டப் போட்டேன். செவப்பு அணைஞ்சு போச்சு. திரும்ப அமத்துனேன், கொஞ்ச நேரத்துல வந்துருச்சு. போட்டேன், போயிருச்சு. எனக்கு மொதல்ல வெளங்கல. படுத்துக்கிட்டு யோசிச்சேன். அவுக இருக்குற ரூம்புல எட்டுப் பேரு. கட்டிலுக்கு மேல கட்டிலு. லைட்டு எரிஞ்சா நம்ம வீடும் நானும் அந்த எட்டுப் பேருக்கும் பளிச்சுன்னு தெரியும்ல? அதான் லைட்டுப் போட்டதும் சட்டுன்னு மூடிக்கிறாக. மானமுள்ளவுக. இருட்டா இருந்தா அவுக மட்டும் உத்துப் பாத்துக்குவாக. கட்டுனவன் கண்ணுக்கு இருட்டுலயும் பொண்டாட்டி தெரியாமயா போயிருவா?

அதுல இருந்து நான் சாயங்காலம் கூடத்துல லைட்டுப் போடுறதில்ல. சாமிக்கு வெளக்கு அடுப்படிக்குள்ள ஏத்திட்டு, கதவச் சாத்திட்டு வந்துருவேன். தெருவுல பாத்தா வீடு இருட்டாத்தான் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்ட இருட்டாப் போட்டா வெளங்குமான்னு மாமியா வந்து கத்துனாக. ஓரகத்தி கத்துனா. கரண்டு மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லிட்டேன். நான் கருமின்னு பேரு. இருந்துட்டுப் போகட்டும். நான் யாரு கூட இருக்கேன்னு எனக்குத்தான தெரியும்.

எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா? கட்டுன நாளுல இருந்து அவுககிட்டப் பேசாததெல்லாம் இந்தக் கூடத்துல பேசுனேன். ஆடு குட்டி போட்டதுல இருந்து, நூறு நாள் வேலையில மண்வெட்டி கால்ல பட்டது வரைக்கும். தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு வந்து இங்கதான் உக்காந்து திம்பேன். ஒரு உருண்டைய அங்கிட்டு நீட்டி "ஆ"ம்பேன். சிரிக்காதீங்க. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சிருக்கேன். அந்தச் சிரிப்புத்தான் வினையாப் போச்சு.

மழைக்காலத்துல சீக்கிரமே வந்துருவாக. நாலு, நாலரைக்கே சில நாளு செவந்துரும். அங்கயும் மழை போல, வேலைய விட்டுருப்பாகன்னு நெனச்சுக்குவேன். கரண்டு போனா அவுகளும் போயிருவாக. கரண்டு வந்த உடனே அவுகளும் வந்துருவாக. எனக்காகக் காத்துக்கிட்டே இருப்பாக போலன்னு மனசு அடிச்சுக்கும்.

ஒரு தடவ எனக்கே ஒரு சந்தேகம். நெசமாத்தான் பாக்குறாகளான்னு. பச்சச் சேல ஒண்ணு, அவுக எடுத்துக் குடுத்தது, கட்டிக்கிட்டு வியாழக்கிழமை பூராம் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். மறுநா போன்ல, எல்லாரும் இருக்கையிலயே, "நேத்துக் கட்டுன சேல எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டேன். "நல்லாருந்துச்சு, செவப்பு உனக்கு எடுப்பாத்தான் இருக்கு"ன்னாக. ஓரகத்தி என்னையப் பாத்தா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வர்ற வழியிலதான் தெளிஞ்சுச்சு. செவப்பு லைட்டு வழியாப் பாத்தா பச்சையும் செவப்பாத்தான தெரியும்? அதுக்குப் போயி மனுசனச் சந்தேகப்பட்டமேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், சிரிப்பு. ஓரகத்தி ஒரு நாளு பாலுக்கு ஊத்த உறமோரு கேட்டு வந்திருக்கா. பொழுது சாஞ்சு உறமோரு கேட்டு எவளாவது வருவாளா? வேவு பாக்கத்தான் வந்திருக்கா. வீடு இருட்டு. உள்ள நான் பேசுறேன், சிரிக்கிறேன், "இம்புட்டு நேரமும் உங்களுக்குத்தான் காத்திருந்தேன்"னு சொல்றேன். வாசல்லயே நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு, உறமோரு கேக்காமயே திரும்பிப் போயிட்டா. மறுநா காலையில ஊருக்குள்ள என்னையப் பாக்குற பார்வையே வேற. தண்ணிக்குழாயில என் கொடத்துக்குப் பக்கத்துல இருந்த கொடமெல்லாம் தள்ளிப் போயிருச்சு.

போன வெள்ளிக்கிழமைதான் சபை. சபைன்னா மூத்தாரு வீட்டுக் கூடந்தான், ஆனா பெரிய மனுசர் ரெண்டு பேர உக்கார வச்சுட்டாக. போனப் போட்டு நடுவுல வச்சாக. "தம்பி அடைக்கலம், நீதான் கேமரா வச்சிருக்கியே, சாயங்காலமானா உன் வீட்டுல என்னடா நடக்குது, உனக்கு என்னதான் தெரியுது"ன்னு மூத்தார் கேட்டாக. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே நிம்மதி தம்பி. அப்பாடான்னு இருந்துச்சு. தெனமும் பாக்குறவுக, இப்ப வாயத் தொறந்து சொல்லப் போறாக, அவ என்கூடத்தான் பேசுறான்னு. ஓரகத்தி மூஞ்சியப் பாக்கணும்னு அவ பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அவுக என்னடான்னா, "எப்பப் பாத்தாலும் இருட்டாத்தான்ணே இருக்கு. லைட்ட அமத்திட்டு உக்காந்திருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியல"ன்னாக.

ஒண்ணும் தெரியலையாம்.

புருசன் பொய் சொல்றாகன்னு நாலு பேருக்கு முன்னால எப்படிச் சொல்லுறது? அண்ணனுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றாக, பொண்டாட்டிய இருட்டுல உக்காந்து பாப்பேன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்றாகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனாலும் வெந்து போச்சு. இந்த ஒரு வாரமா லைட்டப் போட்டுத்தான் வச்சிருக்கேன். உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு கேமராவப் பாத்துச் சொல்லிட்டுப் போட்டேன். மூத்தார் சொல்லிட்டாக, பதிஞ்சதப் போட்டுப் பாப்போம், தப்பிருந்தா அவ பொறந்த ஊருக்கே அனுப்பிருவோம்னு. பொறந்த ஊருல எனக்கு யாரு இருக்கா? ஆத்தாளும் அப்பனும் செத்துட்டாக. வீடு இருந்த எடத்துல பக்கத்து வீட்டுக்காரன் வைக்கப்போர் போட்டிருக்கான்.

இப்பச் சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே.

இருட்டா இருந்தாலும் பதியுமா? பகல் மாதிரியா? கறுப்பு வெள்ளையிலயா? நெசமாவா தம்பி! அப்ப நான் ஒத்தையில உக்காந்திருக்குறது தெரிஞ்சுரும்ல. கூட ஒரு ஈ காக்கா இல்லைங்குறது தெரிஞ்சுரும்ல. நல்லாருப்பீங்க. உங்க வாயிக்குச் சக்கரை போடணும். மூத்தார் வரட்டும். போட்டுப் பாக்கட்டும். ஒண்ணுமில்ல, சோத்துத் தட்ட வச்சுக்கிட்டு ஒரு கிறுக்கச்சி பேசிக்கிட்டு இருக்கா, அம்புட்டுத்தான். கிறுக்கின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், மத்த பேருக்கு இது எம்புட்டோ தேவல.

சத்தமும் கேக்குமா?

எல்லாச் சத்தமுமா? நான் சொன்னது பூராமுமா? ஓரகத்திய நான் ஏசி வஞ்சதெல்லாம்... அது கெடக்கட்டும் தம்பி, வஞ்சது வஞ்சதுதான். எம்புட்டு நாளுக்கு இருக்கும் அதுல? பழசு அழிஞ்சு அழிஞ்சு கடைசி மூணு வாரந்தான் இருக்குமா? மூணு வாரம்னா... இதுக்கு முந்துன வெள்ளிக்கிழமைக்கும் முந்துன வெள்ளிக்கிழமை, அது இருக்குமா?

இருக்குமா.

தம்பி, கொஞ்சம் கீழ எறங்கி வாங்க. எதுத்த வீட்டு அத்தைக்குக் கேக்க வேணாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வயசுல எனக்கு ஒரு தம்பி இருந்தா அவன்கிட்டக் கூட இதச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்கதான போட்டுக் காட்டப் போறீங்க, உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது. நீங்க வேணா அங்கிட்டுப் பாருங்க. நான் இங்கிட்டுப் பாத்துக்கிட்டே சொல்லிர்றேன்.

பங்குனி மாசம் குளிக்கையில இடப்பக்கம் கையில ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. ரவிக்கைக்கு உள்ள. அதுக்கு மேல கேக்காதீங்க. புளியங்கொட்ட அளவு, கெட்டியா, வலியே இல்ல. வலி இல்லாட்டி ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன். ஆடியில பாத்தா நெல்லிக்கா அளவாயிருச்சு. யாருகிட்டச் சொல்லுவேன்? மாமியாகிட்டச் சொன்னா வயிறுதான் அப்படின்னா இதுவுமான்னு கேப்பாக. டவுனு ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகலாம்தான். ஆனா புருசன் சீமையில இருக்கையில, புள்ள இல்லாத ஒருத்தி தனியா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனா, இந்த ஊர்ல எதுக்குப் போனான்னு பேசுவாக தெரியுமா? கீழத்தெருவுல ஒருத்தி காச்சலுக்குத்தான் போனா. கலைச்சுட்டு வந்துட்டான்னு சொல்லி, அவ புருசன் துபாய்ல இருந்து டிக்கெட்டுப் போட்டு வந்து அடிச்சுப் போட்டுட்டுத் திரும்பிப் போனான். அதுக்கு மட்டும் லீவு கெடச்சுச்சு அவனுக்கு.

அவுக சொன்னாத்தான் போக முடியும். அவுக சொன்னாகன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. வெள்ளிக்கிழமை போன்ல, மூத்தார் உக்காந்திருக்கையில, இத எப்படிச் சொல்லுவேன்? அதான் இங்க சொன்னேன். செவப்பு வந்த பிறகு, கதவச் சாத்திட்டு, கட்டுனவுகதானன்னு நெனச்சுக்கிட்டு... காட்டுனேன் தம்பி. காட்டிச் சொன்னேன். இந்தா பாருங்க, இந்த எடம், இம்புட்டுப் பெருசா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, நான் ஆஸ்பத்திரிக்குப் போகவா? போகலாம்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறங்க, எனக்குப் புரிஞ்சுரும்னு சொன்னேன். போன்ல பேச வேணாம், ஒரு தடவ அமத்தித் திரும்பப் போட்டாப் போதும்.

பாத்துக்கிட்டே இருந்தேன். அவுக கண்ண மூடல.

சரி, வேணாம்னு சொல்லிட்டாக, அவுகளுக்கு ஒரு யோசன இருக்கும்னு ரவிக்கையப் போட்டுக்கிட்டேன். அப்புறமும் ரெண்டு மூணு தடவ கேட்டுப் பாத்துட்டேன். கடைசியாக் கேட்டதுதான் அந்த வெள்ளிக்கிழமை. இப்ப அதுல லேசா வலியும் இருக்கு, தோலு ஒரு மாதிரி சுருங்கிருச்சு, அதையும் காட்டித்தான் கேட்டேன். அன்னைக்கும் மூடல.

அத மட்டும் எடுத்துருங்க தம்பி. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். மத்ததெல்லாம் பாக்கட்டும், சோறு தின்னது, அழுதது, வஞ்சது எல்லாத்தையும் பாக்கட்டும். அந்த ஒரு நாளு மட்டும் வேணாம். மூத்தாரு, அந்த நாலு ஆம்பளைக, இந்தம்பெரிய டிவியில...

அதத் தனியா எடுக்க முடியாதா? அழிச்சா மொத்தமும் போயிருமா? கடைக்குக் கொண்டு போனா முடியும்னா கொண்டு போங்களேன். ஆமா, விட மாட்டாக. இங்கயே போடணும்னு சொல்லித்தான கூட்டியாந்திருக்காக. மொத்தமா அழிச்சா, பாத்தீங்களா அழிக்க வச்சுட்டாளேன்னு சொல்லுவாக. கெட்டுப் போச்சுன்னு நீங்க பொய் சொன்னா, கடைக்காரப் பயலையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான்னு உங்களையும் சேத்துச் சொல்லுவாக. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்தா இருந்தா நான் எங்கிட்டுத்தான் போறது?

என்னது அது, டப்பாவக் கழட்டிட்டீங்களா? எதுக்கு? அது வழியாத்தான அவுகளுக்கு...

காசு கட்டலையா? சிம்மா? அதுக்குள்ள ஒரு சிம்மு இருக்கா? எனக்குத் தெரியாதே. அதெல்லாம் அவுக அங்க இருந்தே கட்டிர்றேன்னு சொல்லித்தான போனாக. எப்ப இருந்து கட்டல? போன வருசத்துல இருந்தா? இல்ல தம்பி, நீங்க நல்லாப் பாருங்க. இருக்காது. தெனமும் பாக்குறாக. நான்தான் சொன்னேன்ல, செவப்பு வரும்னு. பொழுது மசங்குது பாருங்க, இப்ப வந்துரும். இருங்க, லைட்டப் போடாதீங்க. நீங்களே பாருங்க.

அந்தா. அந்தா வந்துருச்சு. செவந்துருச்சுல்ல? நான் சொன்னேன்ல, வந்துட்டாக...

டப்பா உங்க கையில இருக்கு.

அத வச்சுக்கிட்டுத்தான நிக்கிறீங்க. வயரு கூட இல்ல அதுல. அப்புறம் எப்படித் தம்பி செவக்குது?

இருட்டுனா தானா எரியுமா? தெருவிளக்கு மாதிரியா? யாரும் பாக்க வேண்டியதே இல்லையா? வெளிச்சம் போட்டா தானா அமந்துருமா? ஓகோ. மழை மேகம் போட்டா அதுவும் இருட்டுத்தான். ஓகோ.

இல்ல, ஒண்ணுமில்ல. நீங்க என்ன செய்வீங்க. தெரிஞ்சதத்தான சொல்றீங்க. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

பொய் சொல்லிட்டாகன்னு ஒரு வாரமா வெந்துக்கிட்டு இருந்தேன் தம்பி. பாத்துட்டுப் பாக்கலேன்னு சொன்னா அது பொய்யி. பொய் சொல்ற புருசன வஞ்சுக்கிட்டே கூட இருந்துரலாம், ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் இருக்காக. பாக்கவே இல்லைங்குறதுக்கு என்ன செய்யிறது? பச்சச் சேலையவும் பாக்கல. நீட்டுன சோத்து உருண்டையவும் பாக்கல. அண்ணன் முன்னமே இருட்டுன்னு சொல்லிக் குடுத்திருப்பாக, அவுக இருட்டுன்னு சொல்லிட்டாக. அம்புட்டுத்தான். எனக்கு இப்ப அந்தப் பொய்யே இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கு.

பைக்குச் சத்தம் கேக்குதா? மூத்தாரு வண்டிதான். பின்னால இன்னொரு வண்டியும் வருது. வந்துட்டாக.

அழிக்க வேணாம் தம்பி. போடுங்க. மாட்டுன எடத்துலயே மாட்டிட்டுப் போடுங்க. பாக்க வேண்டியவுக பாக்கல, இவுகளாவது பாத்துட்டுப் போகட்டும். அந்த வெள்ளிக்கிழமை வர்றப்ப மட்டும் எனக்கு ஒரு கண்ணு காட்டுங்க, நான் அடுப்படிக்குள்ள போயி நின்னுக்கிறேன். முடிஞ்சதும் வாறேன். காப்பி போடணும்ல அவுகளுக்கு.

லைட்ட நானே போடுறேன். இருங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எனக்குக் கேக்குறதுக்கு வேற ஆளு இல்ல, நீங்க வெவரம் தெரிஞ்சவுக. அன்னைக்கு அவுக கண்ண மூடலதான். ஆனா அது அவுக கண்ணே இல்லையே. பாக்காதவுக எப்படி வேணாம்னு சொல்லியிருப்பாக? அவுக வேணாம்னு சொல்லவே இல்லைல்ல?

அப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ல? செருப்பக் கழட்டுறாக, அவுக உள்ள வர்றதுக்குள்ள சொல்லுங்க தம்பி. போகலாம்ல?